முள்மரத்தடிக் குழி

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். அவர்களுக்கு முன்பே ஒரு தம்பியையும் வளர்த்தேன். வாலிப வயதில் சுரங்க வேலைக்குப் போனவன், மண் சரிந்து உள்ளேயே போய்விட்டான். எந்தக் குழி என்று ஒருவரும் சொல்லவில்லை.

போன மாசியில் பேரனும் அவன் கூட்டாளிகளும் ரங்கூனிலிருந்து ஐந்து ஜீப்பில், அந்தப் பழைய சுரங்கங்கள் இருந்த பொட்டல் காட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். முன் ஜீப்பில் வழிகாட்டி, வெயிலில் கறுத்த, நாற்பது வயதுகூட ஆகாத ஒல்லியான பர்மாக்காரர். பாழடைந்த ஒவ்வொரு குழியருகிலும் இறங்கி, செத்தவர்களுக்குப் புண்ணியம் சேரக் குவளையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்.

"இப்படி நின்னு நின்னு போனா எப்பப் போய்ச் சேருறது?" என்றான் பேரன்.

நான் இறங்கிப் போய் வழிகாட்டியிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

"ஆள் உயரமா, அம்மா?"

"வாசல்ல குனிஞ்சுதான் வருவான்."

சற்று யோசித்தார். முள்மரத்தடியில் ஒரு குழியைக் காட்டினார்.

"அப்போ இதுதான்."

குவளையை என் கையில் கொடுத்தார். நானே தண்ணீர் விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தம்பி போனபோது அந்த மனிதர் பிறந்தே இருக்கமாட்டார். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை.

பேத்தி, இதை வாசித்துக் காட்டம்மா. தம்பி இருக்கும் இடத்தை முள்மரத்தடிக் குழி என்று சரியாக எழுதியிருக்கிறேனா பார்.