நாலாவது சீர்

எடப்பாடியில் மாமாவின் முதலாண்டு நினைவுநாளுக்கு பிளெக்ஸ் வைக்க வேண்டும், ஒரு பாட்டு எழுதிக் கொடு என்றாள் அக்கா. தம்பி தமிழ் வாத்தியார் என்றால் இந்தத் தொல்லை உண்டு. அக்காவும் அவள் வீட்டுக்காரரான மாமாவும் எதிரெதிரே விசைத்தறி ஓட்டியவர்கள். மாலைக்குள் ஒரு குறள் வெண்பாவை முடித்துவிட்டேன்.

எதிர்த்தறி ஓய்ந்தும் இரைகிறது நெஞ்சம்;
பதில்சொல்லும் ஆளெங்கே பார்.

எதுகை, மோனை, தளை எதிலும் குறை சொல்ல முடியாது. 'நெஞ்சம்' தேய்ந்த சொல்தான். போஸ்டருக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா விசைத்தறியை நிறுத்தாமலே, அது தட்டும் தாளத்துக்கு வாய்விட்டுப் படித்தாள்.

"கடைசில ஒரு தட்டு கொறையுதே சாமி?"

முதல் அடிக்கு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்றுதான், இலக்கணமே அப்படி என்றேன். அவள் மறுபடி படித்து, 'பார்' என்றதும் நிறுத்தி, எதிரே பார்த்தாள். மாமாவின் தறியை விற்றுவிட்டதால் அங்கே வெறும் தரை.

"அவருக்குத்தான் காது மந்தமாச்சே. நான் என்ன சொன்னாலும் ஒரு தட்டு தள்ளித்தான் 'ம்' சொல்லுவாரு. அதுக்குத்தான் அந்த எடம். அப்படியே இருக்கட்டும்."

வெண்பாவுக்குச் செப்பலோசை, இருவர் பேசிக்கொள்வது போன்றது என்று வருடக்கணக்காக வகுப்பில் ஒப்பித்து வந்தவன் நான். மறுபக்கத்தில் யார் இருக்கிறார் என்று நினைத்துப் பார்த்ததே கிடையாது.

பிளெக்ஸ் கடைக்காரர் நல்ல மனுஷர். கடைசி வரி மொட்டையாகத் தெரிகிறதே என்று, அவராகவே அந்த இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டுவிட்டார். வீட்டு முன்னால் கட்டிய பிறகுதான் அக்கா கவனித்தாள்.

"இங்க வெளக்க வெச்சா அவரு எங்கிருந்து பேசுவாரு?"

உள்ளே போய் நூல் வெட்டும் கத்தரியோடு வந்தாள். ஸ்டூலில் ஏறி விளக்கை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. ஊரே பார்க்கிறதே என்ற கோபம்.

இறங்கி, பிளெக்ஸுக்கு எதிரே நின்று, இரண்டு அடிகளையும் உரக்கப் படித்தாள். 'பார்' என்று முடித்துவிட்டுக் காத்திருந்தாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அக்கா தலையாட்டி, "சரிங்க" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் அவளும் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.