பின்னால் பார்க்கும் அம்பு

அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவள் ‘லேப் அக்கா’. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குப் போவாள். ரத்தம் எடுத்து, குழாய்களைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கணவரின் பழைய மோட்டார் சைக்கிளில் பரிசோதனைக் கூடத்துக்குப் பறப்பாள். பஞ்சு போன்ற கை அவளுக்கு. “குத்துறதுக்கு முன்னாடி சொல்லும்மா” என்று கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சும் பெரியவரிடம், “எடுத்தே முடிச்சாச்சு, கண்ணைத் திறங்க” என்பாள்.

அந்தக் கைதான் இப்போது வண்டியின் ஹேண்டிலைத் தொடத் தயங்கியது.

போன மழைக்காலத்தில் நடந்தது அது. அச்சகத்தில் பேப்பர் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்க்கும் கணவரை ஒருநாள் அவளே பின்னால் ஏற்றிக்கொண்டு வேலைக்குக் கூட்டிப்போனாள். ரயில் பாலத்தைத் தாண்டிய வளைவில் தார் பெயர்ந்து வெறும் சேறாகக் கிடந்தது. முன்சக்கரம் சட்டென்று பக்கவாட்டில் வழுக்கியது. அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டி மொத்தமும் அவர் தொடைமீது விழுந்தது. இன்று அந்தத் தொடைக்குள் ஒரு எஃகுக் கம்பி இருக்கிறது.

“ரோடு அப்படி. யாரு ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பாங்க” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார். அவளிடம் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள் பாவி மகள்!

வருகிற திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். உட்கார்ந்தபடியே செய்கிற வேலை தருவதாக முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். இந்த மழைக்கும் சேறாகிக் கிடந்த அந்த வழியில் பஸ் கிடையாது; ஆட்டோக்காரர்கள் பாலத்தோடு திரும்பிவிடுவார்கள். அவள்தான் கூட்டிப்போக வேண்டும், அதே வண்டியில், அதே வளைவு வழியாக. அவர் தன் பின்னால் ஏறி உட்காருவாரா? இந்த ஒரு கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்து உறுத்தியது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

வாய் வராதவள் டயர்க் கடைக்குப் போனாள்.

கடைக்காரருக்கு ‘காத்து அண்ணன்’ என்று பெயர். டயருக்கு அடிக்கிற காற்று பாதி, வாயால் விடுகிற காற்று பாதி.

“முன்னாடி டயரா? இந்தா, நீளமாக் கோடு போட்டது. இந்த வண்டிக்குன்னே பொறந்தது” என்று ஒன்றை எடுத்துப் போட்டார்.

“இதேதான் அண்ணே எங்களைக் கவுத்துச்சு.”

“டயர் என்னம்மா பண்ணும்? சேறு கவுத்திருக்கும்.”

அவள் விடவில்லை. விழுந்த அன்று, அவரை ஏற்றிப்போக ஆம்புலன்ஸ் வரும்வரை, அந்தச் சேற்றில் நின்றபோது அவள் இரண்டு தடங்களைப் பார்த்திருந்தாள். பின்சக்கரத்தின் தடம் கட்டம் கட்டமாக, அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருந்தது. முன்சக்கரத்தின் தடம் கரண்டியால் வழித்துவிட்டதுபோல் மழுங்கிக் கிடந்தது. அந்த வழித்த தடம் அவள் கனவிலும் வந்தது.

“பின்னாடி இருக்கிற மாதிரி கட்டம் போட்ட டயரையே முன்னாடியும் போட்டுக் குடுங்க.”

“ஏம்மா, கால் செருப்பைக் கையில மாட்டச் சொல்றியே!” என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். இரண்டு ரிம்மின் அளவையும் பார்த்தார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். “உட்காரும். ஆனா தார் ரோட்ல ஹேண்டில் கனக்கும். வளைவுல சோம்பேறி மாதிரி மெதுவாத்தான் சாயும். பரவாயில்லையா?”

“சாயலைன்னாலும் பரவாயில்ல, வழுக்கக் கூடாது.”

“இன்னொண்ணு. டயர் ஓரத்துல அம்பு இருக்கு பாரு, சுத்துற பக்கம் காட்டும். பின்னாடி போட்டா அம்பு முன்னாடி பாக்கணும். முன்னாடி போட்டா அம்பு பின்னாடி பாக்கணும்.”

“அது என்ன அண்ணே தலைகீழா?”

“பின்சக்கரத்தை எஞ்சின் தள்ளுது. முன்சக்கரத்துக்குத் தள்ளுற வேலை இல்ல, பிரேக் புடிச்சு இழுக்குற வேலைதான். வேலை தலைகீழ், டயரும் தலைகீழ். யாராவது பாத்தா தப்புன்னு சொல்வான், காதுல வாங்காத.”

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது நாத்தனார் வந்திருந்தாள். அண்ணன்மீது உயிர், அண்ணியைக் கண்டால் மட்டும் நாக்குக்குச் சாணை பிடித்துக்கொள்வாள்.

“என்ன அண்ணி, பின்னாடி டயரைக் கொண்டுவந்து முன்னாடி மாட்டியிருக்கீங்க? அடுத்து எங்கண்ணனைப் பெட்ரோல் டாங்க் மேல உட்கார வச்சு ஓட்டுவீங்களா?”

“சேத்துல புடிப்பு கிடைக்கும்னு...”

“ஒரு கால்ல கம்பி போட்டாச்சு. இன்னொரு கால் சும்மாதானே இருக்கு!”

அவள் கணவரைப் பார்த்தாள். ‘சும்மா இரு’ என்று தங்கையை அவர் அதட்டுவார் என எதிர்பார்த்தாள். அவர் ஊன்றுகோலில் சாய்ந்தபடி டயரின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டிருக்கலாம். அம்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவளோ உள்ளே போய்க் குளிர்பெட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுக்கப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடுதான். நடந்தே போய்வந்தாள். திரும்பி வந்து, காற்றைச் சரிபார்க்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்பு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. சக்கரத்தின் அச்சு நட்டில் புதிதாக ஸ்பானர் கீறிய வெள்ளைத் தடம்.

“யாரு டயரைக் கழட்டினது?”

வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைக் கையில் கிரீஸ் அப்பியிருந்தது. “நான்தான். தெருமுனை பஞ்சர்க் கடைக்காரரை வரச் சொன்னேன். அம்பு பின்னாடி பாத்துச்சு. அவரும் தப்புன்னுதான் சொன்னாரு. சொன்னா நீ வருத்தப்படுவே, அதான் சொல்லாமலே...”

“தப்பா மாட்டிக்கிட்டு வந்துட்டேன்னு நினைச்சீங்களா?”

“டயர்க் கடைக்காரன் தப்புன்னு நினைச்சேன்.”

“அன்னைக்கு ரோட்டு மேல தப்பு. இன்னைக்குக் கடைக்காரன் மேல தப்பு. உங்க வாயில என் பேர் மட்டும் வரவே வராதா? என்னை நம்பலைன்னு நேரா சொல்லிடுங்களேன்! அதைக் கேட்டாக்கூட எனக்கு நிம்மதியா இருக்கும்!”

குரல் உடைந்துவிட்டது. அவர் ஊன்றுகோலின் நுனியால் தரையைச் சுரண்டினார்.

“பயமா இருக்கும்மா” என்றார் கடைசியில். “உன் பின்னாடி உட்கார பயமா இருக்கு. எத்தனை நாளா சொல்லணும்னு... எப்படிச் சொல்றது?”

ஊசியைப் போல இறங்கியது அந்தச் சொல். எத்தனை பேருக்கு வலிக்காமல் குத்தியவள்! இப்போது அவளுக்கு வலித்தது. ஆனால் கட்டி உடைந்ததுபோல், வலியோடு ஏதோ ஒன்று வெளியேறவும் செய்தது.

“எனக்கும் பயம்தான்” என்றாள். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பிறகுதான் அம்பின் கதையைச் சொன்னாள். சேற்றில் பார்த்த வழித்த தடத்தையும் சொன்னாள்.

அன்று மாலையே காத்து அண்ணன் வீட்டுக்கு வந்து டயரைத் திருப்பி மாட்டினார். “இந்த டயருக்கே தலை சுத்தியிருக்கும்” என்றார். கணவன் மனைவி இருவருமே சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் பின்னால் ஏறினார். ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்தார். பிடி எலும்பு வரை அழுத்தியது. ரயில் பாலம் தாண்டி வளைவு தெரிந்ததும், “நிறுத்து” என்றார்.

நிறுத்தினாள்.

“நான் இறங்கி நடந்துக்கிறேன். நீ ஓட்டிட்டுப் போய் அந்தப் பக்கம் நில்லு.”

“சேத்துல உங்க கால்...”

“நடந்துக்கிறேன்.”

அவள் தனியாக வண்டியைச் சேற்றில் இறக்கினாள். ஹேண்டில் கனத்தது. சோம்பேறிச் சக்கரம் மெதுவாகத் திரும்பியது, ஆனால் நழுவவில்லை. அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் மறைத்தது. அவர் ஒவ்வொரு அடியாக ஊன்றி வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் குனிந்தார். விழப்போகிறாரோ என்று ஓடினாள்.

விழவில்லை. தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் இரண்டு சக்கரத் தடங்களும் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. இரண்டும் கட்டம் கட்டமாக, அச்சுக் குத்தியதுபோல். ஒன்றின் கட்டங்கள் முன்னால் பார்த்தன, மற்றதன் கட்டங்கள் பின்னால் பார்த்தன. அச்சகத்தில் வேலை பார்த்தவர் ஆயிற்றே; அச்சு கலங்கியிருக்கிறதா என்று ஊன்றுகோலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்தத் தடவை தடம் வழிக்கலை” என்றார்.

“இல்ல.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தையும் நடந்தே வந்தார். பிறகு வண்டியில் ஏறினார்.

“சாயங்காலம் திரும்பி வரும்போது?” என்று கேட்டாள். கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை. தோளில் இருந்த கை மட்டும் தெரிந்தது. அதன் பிடி இன்னும் தளரவில்லை.

“வளைவுகிட்ட வந்ததும் கேளு” என்றார்.