மூடி சுற்றிய மேசை

ஓரத்தில் ஓரிடம் நசுங்கிப்போன, அகலமான எவர்சில்வர் மூடி அது. எந்தப் பாத்திரத்தின் மூடி என்று பெரியக்காவுக்கே தெரியாது. பாத்திரம் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டும். மூடி மட்டும் தப்பித்து வந்து பெரியக்காவின் சாப்பாட்டுப் பையில் குடியேறிவிட்டது. மதியம் மணி அடித்ததும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் சுவிட்ச் கம்பெனியின் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போவோம். சுவிட்ச் பூட்டிப் பூட்டி மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டு நாங்கள் உட்கார, அந்த மூடி வெளியே வரும். பெரியக்கா தன் வீட்டுத் தொடுகறியில் ஒரு கரண்டி அதில் வைத்து இடப்பக்கம் தள்ளுவார். அடுத்தவள் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தன்னுடையதில் ஒரு கரண்டி வைத்துத் தள்ள வேண்டும். மேசையைச் சுற்றி அது பெரியக்காவிடமே திரும்பும்போது கத்தரிக்காயும் கருவாடும் முருங்கைக்கீரையும் ஒன்றோடொன்று கலந்து, யாருடையது எது என்று சொல்ல முடியாத ஒரு பண்டமாகியிருக்கும். அதைத்தான் பெரியக்கா சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார். உலகத்திலேயே ருசியான குழம்பு அதுதான் என்பார்.

இந்தப் பழக்கம் அவருடைய அப்பா வேலை பார்த்த மில்லிலிருந்து வந்தது. நெசவுக் கூடத்தில் ஆண்கள் அப்படித்தான் சாப்பிடுவார்களாம். மில் மூடியாயிற்று, அப்பாவும் போய்விட்டார், வழக்கத்தை மகள் எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டார். மேனேஜரை எங்களிடம் பேசும்போது அவர் பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி 'முசே' என்று சொல்வதும் அப்பாவிடமிருந்து வந்ததுதான். முகத்துக்கு நேரே மட்டும் சார்.

பெரியக்காவைப் போலக் கொடுக்கிற மனுஷியை நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில், திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து மூலக்குளத்தில் குடியேறி, யாரையும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, கம்பெனி பஸ்ஸில் என்னைப் பார்த்து, "எந்த ஸ்டாப்புல ஏறுன?" என்று கேட்டார். மூலக்குளம் என்றேன். "அப்ப நம்ம பொண்ணு" என்று சொல்லித் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் பரீட்சை. அன்றிலிருந்து எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வரும், மாதக் கடைசி என்றால் கேட்காமலே அரிசி வரும். மேசையில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் அடுப்படியில் நிற்பார்.

ஆனால் அந்தக் கருணை மேசையின் விளிம்போடு நின்றுவிடும். பேக்கிங் பிரிவுப் பெண்கள் பக்கத்து மேசையில்தான் சாப்பிடுவார்கள். அவர்களில் ஒருத்தி ஊறுகாய் கேட்டால்கூடப் பெரியக்காவின் காது கேட்காது. "அவங்க மேசையில ஊறுகா இல்லியாமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்பார், அவளைப் பார்த்து அல்ல. எனக்கு முதலில் இது விளங்கவே இல்லை. இவ்வளவு தாராளமான கைக்கு இவ்வளவு கருமித்தனம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பேன். போகப் போகத்தான் புரிந்தது, இரண்டும் ஒரே கைதான். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டதால்தான் அவரால் கணக்குப் பார்க்காமல் கொடுக்க முடிந்தது. நாங்களும் அந்த வேலிக்குள் சுகமாகத்தான் இருந்தோம். உள்ளே இருக்கிறவளுக்கு வேலி ஒரு நாளும் உறுத்தாது.

அப்படி இருக்கையில்தான் ஒடிசாவிலிருந்து பெண்கள் வந்தார்கள். கம்பெனியே விடுதி கட்டி, எங்கள் பிரிவில் எங்கள் நடுவிலேயே உட்கார வைத்தது. நாங்கள் அவர்களை இந்திக்காரிகள் என்று சொன்னோம்; அவர்கள் பேசியது இந்தி இல்லை என்பதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், எங்கள் மேசைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, விடுதியில் கட்டிக் கொடுத்த சோற்றையும் உருளைக்கிழங்கையும் தின்பார்கள். அவர்களில் குட்டையாக, எப்போதும் சிரித்த முகமாக ஒருத்தி இருந்தாள். மூடி எங்கள் மேசையைச் சுற்றுவதைச் சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு ஆசையாக எழுந்தும் வந்தாள். பெரியக்கா மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் அதே சிரிப்போடு திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

இதில் ஓவர்டைம் வேறு வந்து சேர்ந்தது. நாங்கள் சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவர்கள். அந்தப் பெண்களுக்கு விடுதி காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. மேனேஜருக்கு அது வசதியாகப் போயிற்று. ஓவர்டைம் முழுவதும் அங்கே போகத் தொடங்கியது. எங்களில் பலருக்கு மளிகையும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீசும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. மேசையில் பேச்சு சூடாயிற்று. பெரியக்காவுக்கு இடப்பக்கம் எப்போதும் உட்காரும் வில்லியனூர்க்காரிதான் அதிகம் கொதித்தாள். "நம்ம சோத்துல மண்ணு போட்டுட்டாளுங்க" என்றாள். கடைசியில், அந்தப் பெண்களை அனுப்பினால்தான் லைனில் உட்காருவோம் என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. சொல்ல வேண்டியவர் பெரியக்கா. அவர் வாயிலிருந்து வந்தால் மேனேஜர் தட்டமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்களுக்கு மட்டும்தான் தங்கள் பிழைப்பு எங்கள் மேசையில் தீர்ந்துகொண்டிருப்பது தெரியாது.

சொல்வதற்குள் பெரியக்கா வீட்டில் சாவு விழுந்தது. அவருடைய கொழுந்தன். பெரியக்கா கல்யாணமாகி வந்தபோது சின்னப் பையனாக இருந்தவன். குளிப்பாட்டி, சோறூட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி வளர்த்ததெல்லாம் இவர்தான். தினமும் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, "அண்ணி, மதியத்துக்கு மாத்திர போட மறந்துடாத" என்று கத்திவிட்டுப் போவான். மஞ்சள் காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, ஒரு மழை நாளில் முடிந்துபோனது.

கருமாதி முடிவதற்கு முன்பே பெரியக்கா வேலைக்கு வந்துவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அழுவதற்கெல்லாம் லீவு ஏது? முகம் சுருங்கி, பத்து வயது கூடியவர்போல் வந்து உட்கார்ந்தார். மதியம் மணி அடித்தது, மேசைக்கு வந்தோம். பெரியக்கா பையைத் திறந்தார், மூடியை எடுத்தார், வாழைக்காய்ப் பொரியலில் ஒரு கரண்டி வைத்தார், இடப்பக்கம் தள்ளினார். எல்லாம் கையின் பழக்கம். மனம் எங்கேயோ இருந்தது.

கருமாதி முடியாத வீட்டுச் சாப்பாட்டை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அந்தச் சட்டத்தை எங்களுக்குப் போட்டதே பெரியக்காதான். முன்பு ஒருத்தியின் மாமனார் தவறியபோது, "தீட்டு கழியற வரைக்கும் நீ எங்ககிட்ட வாங்கித் துன்னுடி, உன்னுத மட்டும் குடுக்காத" என்று அவர்தான் தன்மையாகச் சொல்லி வைத்தார். இப்போது அவருடைய மூடி வில்லியனூர்க்காரியின் முன்னால் இருந்தது. அவளால் எடுக்கவும் முடியவில்லை, திருப்பித் தள்ளவும் மனம் வரவில்லை. அடுத்து உட்கார்ந்திருந்த எனக்குத் தள்ளினால் நான் என்ன செய்வேன் என்பதும் அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கொஞ்சம் தயங்கியவள், கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடலாம் என்பதுபோல் மூடியைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

அது ஒடிசாப் பெண்களின் பெஞ்சு. வைத்த இடம் அந்தக் குட்டைப் பெண்ணின் கையருகில்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை நாள் தள்ளி நின்று பார்த்த மூடி, இதோ, தங்களுக்கும் சுற்றி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். எங்கள் சட்டம் அவளுக்கு எப்படித் தெரியும்? சட்டென்று எழுந்து நின்று, எங்கள் மேசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். வாழைக்காயில் பாதியை அள்ளிச் சோற்றில் வைத்துக்கொண்டு, தன் உருளைக்கிழங்கில் தாராளமாக இரண்டு கரண்டி மூடியில் போட்டு, அடுத்தவளிடம் தள்ளினாள். அந்தப் பெஞ்சு முழுவதும் மூடி சுற்றியது. ஆளாளுக்கு எடுத்தார்கள், ஆளாளுக்கு வைத்தார்கள். வேண்டாம் என்று தடுக்க எங்களுக்கு அவர்கள் பாஷையும் தெரியாது, வாயும் வரவில்லை. கடைசியில் அந்தக் குட்டைப் பெண்ணே மூடியை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து பெரியக்காவின் முன்னால் வைத்தாள்.

பெரியக்கா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. யார் எடுக்கவில்லை, யார் எடுத்தார்கள் என்பதும் உறைத்தது. அந்த உருளைக்கிழங்கைச் சோற்றில் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கொழுந்தன் போனதிலிருந்து அவர் அழவே இல்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். "உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. என்னத்த துன்னு உசுரோட இருக்குதுங்களோ" என்று சொல்லிக்கொண்டே மூடியைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் மேனேஜரே லைனுக்கு வந்தார். "என்னம்மா, எதோ சொல்லணும்னீங்களாமே?" என்றார். வில்லியனூர்க்காரி பெரியக்காவின் முதுகில் லேசாகத் தட்டினாள். பெரியக்கா எழுந்து நின்று, "ஓவர்டைம முற வச்சுக் குடுங்க முசே. ஒரு நாளு நாங்க, ஒரு நாளு அதுங்க. எங்க நாளுல வூட்டுக்குப் போவ லேட்டா ஒரு பஸ் வுடணும்" என்றார். பதற்றத்தில் சார் மறந்துபோய் முசே வந்துவிட்டது. மேனேஜர் குழப்பமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"யாரக் கேட்டு நீ முற வச்ச? நம்ம ஆளா இருந்துட்டு எங்க பொழப்புல பாதிய எடுத்துக் குடுத்துட்டியே" என்று பாய்ந்தாள் வில்லியனூர்க்காரி. மேசையே அவள் பக்கம்தான் இருந்தது. பெரியக்கா குரலை உயர்த்தவில்லை. "எங்கையால குடுத்தத அதுங்கதாண்டி துன்னுச்சுங்க. நீ துன்னியா?" என்றார். அடுத்த நாளிலிருந்து வில்லியனூர்க்காரியும் இன்னும் சிலரும் பேக்கிங் மேசைக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் பஸ்ஸில்கூடப் பெரியக்காவோடு முகம் கொடுத்துப் பேச நெடுநாள் ஆயிற்று. அது அவரை உள்ளுக்குள் தின்றது. காலியான இடத்தில் ஒடிசாப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இதனால் பெரியக்கா ஊருக்கெல்லாம் தாயாகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த வருஷம் லோடு ஏற்றப் பீகார்ப் பையன்கள் வந்தார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் கொடுக்கலாமே என்றேன். "அவனுங்க வேற, இதுங்க வேற. இதுங்க நம்ம பொண்ணுங்க" என்றார், ஏதோ ஒடிசா மூலக்குளத்துக்கு அடுத்த ஸ்டாப் என்பதுபோல. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேலியைப் பிடுங்கி எறிகிற மனுஷி இல்லை அவர். கொஞ்சம் தள்ளி நட்டார். என்னைக் கேட்டால், நம்மில் பலர் அதுகூடச் செய்வதில்லை.

அந்தக் கம்பெனி இப்போது அங்கே இல்லை. நான் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். சண்டை இல்லை, பொறாமை இல்லை, பக்கத்தில் இருப்பவள் என்ன சாப்பிடுகிறாள் என்பதும் தெரியாது. பழைய மேசையின் சண்டைகளுக்காகக்கூட மனம் ஏங்குகிறது.

போன மாதம் பெரியக்கா தவறிவிட்டார். நான் ஊரில் இல்லாததால், அடக்கம் ஆன பிறகு துக்கம் விசாரிக்கத்தான் போக முடிந்தது. பழைய மேசையில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அந்தக் குட்டை ஒடிசாப் பெண்ணும் இருந்தாள். நம்மூர் ஆட்டோக்காரரைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலேயே குடும்பமாகிவிட்டவள். எங்களைவிட நன்றாகப் பாண்டித் தமிழ் பேசுகிறாள், எங்களைவிட அதிகமாக அழுதாள். "மொத மொதல்ல எங்களுக்கு மூடிய அனுப்பி வச்சதே பெரியக்காதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் மறுக்கவில்லை.

பெரியக்காவின் மகள் தட்டில் டீ டம்ளர்களை வைத்துக்கொண்டு வந்தாள். அழுது வீங்கிய முகம்; அம்மாவின் அதே முகம். ஒருத்தி, இப்போதுதான் குடித்தேன் என்றாள். இன்னொருத்தி, டீயையே விட்டுவிட்டேன் என்றாள். ஒடிசாப் பெண் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். தட்டு என்னிடம் வந்தது. நான் கை நீட்டியதும் ஒடிசாப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து, காதருகில், "வாணாம் யக்கா. கருமாதி முடியாத வூட்டுல வாய் நனைக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா? பெரியக்காதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு" என்றாள். குரலில் பெரியக்காவின் அந்தப் பழைய அதட்டல் அப்படியே இருந்தது.

அன்று அவள் தின்ற வாழைக்காயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு டம்ளரை எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்தேன். பெரியக்காவின் மகள் போகாமல், நான் குடித்து முடிக்கும் வரை தட்டோடு அங்கேயே நின்றாள். காலி டம்ளரை வைத்ததும், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா அத்தை?" என்று கேட்டாள்.

"ஊத்தும்மா" என்றேன்.