ராணி சொன்னதும் நான் எழுதியதும்

"நான் சொன்னது இன்னா, நீ எழுதிக்கினு போனது இன்னா?"

ஆம்பூரில் நடுத்தெருவில் என்னை நிறுத்திக் கேட்டவள் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்யும் ராணி. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களிடம் ஏன் விட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி காசநோய் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் தருவதுதான் என் வேலை. எண்பதுகளில் இரண்டு வருஷம் செய்தேன். நாத்தனார் பேச்சை ஓர் எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்லும் உங்களுக்கும் இது சுலபமாகத்தான் தோன்றும்.

நல்ல தமிழ்

முதல் வாரம் ஒரு முஸ்லிம் பீபி, "மாத்திர சாப்ட்டா ஒரே பேஜாரா இருக்குதும்மா" என்றார். கான்வென்ட்டில் படித்த கை சும்மா இருக்குமா? 'மருந்து உட்கொண்டால் மனச்சோர்வு ஏற்படுகிறது' என்று எழுதினேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான டாக்டரம்மா படித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தம்மா பேசினது எங்கக்கா? இது நீங்க பேசறதாச்சே."

எழுத வராத சொல்

ராணி ஒளிக்காமல்தான் சொன்னாள். மாத்திரை போட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகிறது. ஷெட்டில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை, மதிலுக்குப் பின்னால் நாலைந்து பேராகத்தான் போக வேண்டும். யாராவது பார்த்து, நோயென்று மேஸ்திரியிடம் சொன்னால் வேலை போய்விடும்.

கன்னியாஸ்திரீகளிடம் சுண்டுவிரலைக் காட்டியே வெளியே போய் வந்தவள் நான். அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை கூசியது. பொறுமையும் இல்லை. 'அலட்சியம்' என்று எழுதி நோட்டை மூடினேன். படிக்கத் தெரியாத ராணி எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ பேசினேன், இத்தினிக்கூண்டு எழுதறியே, போதுமாக்கா?"

திங்கட்கிழமை வரிசை

அதைப் படித்த டாக்டரம்மா, மாத்திரை வாங்கும் வரிசையில் அத்தனை பேர் எதிரில், "உயிர் மேல இவ்ளோ அலட்சியமா?" என்று, மறுபடி மாத்திரை வாங்க வந்து நின்ற ராணியைத் திட்டிவிட்டாள். அன்று சாயங்காலம்தான் அந்த நடுத்தெருச் சண்டை. அதற்குப் பிறகு ராணி மாத்திரைக்கு வரவே இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ராணி சொன்னதை அந்தச் சொல்லோடு வாயால் சொன்னேன். அவள் சொன்னாள்: "அது மருந்தோட கலருதான்க்கா, ஒண்ணும் பண்ணாது. ராத்திரியில போட்டுக்கிட்டா, காலையில ஷெட்டுக்குப் போறதுக்குள்ள குறைஞ்சிருக்கும். ரெண்டு நிமிஷத்துல சொல்லி அனுப்பியிருப்பேனே."

சாத்திய கதவு

மூன்று நாள் ராணி வீட்டுக்குப் போனேன். உள்ளே இருமல் கேட்டது, கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் கதவோரம் வாயை வைத்து மெல்லச் சொன்னேன். "ராணி, மாத்திரைய ராத்திரியில போட்டுக்கலாமாம். கதவத் தொறம்மா. நீ சொன்னத இந்த வாட்டி அப்படியே எழுதறேன், இன்னொரு தரம் சொல்லு."

அப்போதும் கதவு திறக்கவில்லை. நான் சொன்னதையே எழுதிக்கொண்டு திரும்பினேன்; என் நோட்டில் ஒரு சொல்லும் மாறாமல் இருப்பது இந்தப் பேச்சு ஒன்றுதான், அதுவும் என்னுடையது.