பேந்து வாங்கோ என்று சொன்னேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், முனி, செய்வினை எதிலும் நம்பிக்கை கிடையாது. மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. சில நாட்களில் சவப்பெட்டியும் வரும். அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை முடித்திருக்கிறேன், ஒரு ஆவியும் வந்து பங்கு கேட்டதில்லை. கோயில் அன்னதானப் பந்தியில் யாராவது ஆவிக் கதை எடுத்தால் முதலில் நக்கலடிக்கிற ஆள் நான்தான். அதனால்தான் இதை அங்கே சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், சிரிக்க வேண்டுமென்றால் முடிந்த பிறகு சிரியுங்கள்.

போன வருடம் கோடையில் என் மனைவி வசந்தியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சின்னதுதான், சங்கிலி போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், முடிவு வந்ததும் தொலைபேசியில் அழைப்போம் என்றார்கள். அந்த அழைப்பு வரவேயில்லை. நாங்கள் கேட்டால் இன்னும் வரவில்லை, ஏதோ தாமதம் என்றார்கள். வீட்டில் யாருக்குத் தொலைபேசி அடித்தாலும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம், பிறகு பார்க்காத மாதிரி இருப்போம். வசந்தி முருகனுக்கு நேர்த்தி வைத்து, ஒரு டொலர் நாணயக் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். நல்ல முடிவு வந்தால் கோயிலில் கொண்டுபோய்ப் போடுவதாக வேண்டுதல். அது நிறைவேறும்வரை அந்த முடிச்சை அவிழ்க்கவும் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது, அது எங்கள் ஊர் வழக்கம்.

வீட்டில் அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. வசந்தியின் தமக்கை கௌரி அக்கா சுவீடனில் கார்ல்ஸ்க்ரோனா என்ற கடற்படைத் துறைமுக நகரத்தில் இருக்கிறார், முதியோர் இல்லமொன்றில் வேலை. விமானத்தில் இடம் மிஞ்சினால் எங்களைப் போன்ற வேலைக்காரர்களை மலிவாக ஏற்றுவார்கள், அப்படித் தொற்றிக்கொண்டு கோப்பன்ஹேகனில் இறங்கி ரயிலில் போய்ச் சேர்ந்தோம். மஞ்சள் முடிச்சு வசந்தியின் கைப்பையில் கூடவே வந்தது.

மறுநாள் அக்காவுக்கு வேலை. "நீங்கள் ரெண்டு பேரும் சுத்திப் பாருங்கோ, சின்ன ஊர்தான், தொலைய மாட்டியள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல வெயில், கடல் காற்று. தீவுகளின் மேல் கட்டிய ஊர் அது, எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் தண்ணீர் வந்துவிடும். முன்னொரு காலத்தில் ஒரு அரசன் தன் கடற்படைக்காகவே கட்டிய நகரமாம். நடுவில் ஒரு பெரிய சதுக்கம், அதில் இரண்டு தேவாலயங்கள், தள்ளிப் போனால் கப்பல் கட்டுகிற தளம், அதன் நீண்ட மதில். இன்றைக்கும் அங்கே கடற்படை இருக்கிறது. சீருடை போட்ட பெடியன்கள் நான்கைந்து பேர் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு எதிரே வந்தார்கள், வசந்தி சட்டென்று என் கையைப் பிடித்துத் தெருவின் மறுபக்கம் இழுத்துவிட்டாள்.

"என்னப்பா, அவங்கள் ஐஸ்கிரீம் குடிக்கிறாங்கள்" என்றேன்.

"தெரியும். கால் தன்ர பாட்டில போயிட்டுது" என்றாள்.

ஊரில் சண்டைக் காலத்தில், நேவி வருகிறது என்றாலே ஓடி ஒளிகிற கடற்கரையில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு அந்தப் பெடியன்களில் ஒருவன் எங்களைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தான், வசந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல கிழமைகளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு கப்பல்தளத் தொழிலாளர் இருந்த பழைய மரவீடுகளைப் பார்த்தோம், எல்லாம் எட்டினால் கூரையைத் தொடலாம் போன்ற குட்டி வீடுகள், மஞ்சளும் சிவப்புமாகப் பூசி, யன்னலில் பூச்சாடி வைத்திருந்தார்கள். கடற்படை அருங்காட்சியகத்துக்கும் போனோம். அங்கே தண்ணீருக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலங்கிய பச்சைத் தண்ணீரில் தாழ்ந்துபோன கப்பலின் மரங்கள். மேலே ஒரு மண்டபம் நிறைய, பழைய கப்பல்களின் முகப்பில் நின்ற மரச்சிலைகள். ஒவ்வொன்றும் ஆளை விடப் பெரிது, எல்லாம் கடலைப் பார்க்கிற முகம். வசந்தி நடுவில் நின்று, "எல்லாரும் எங்களைத்தான் பாக்கினம்" என்றாள். நான் ஒரு சிலைக்கு வணக்கம் வைத்தேன். என் புத்தி அப்படி, பயம் வருகிற இடத்தில் பகிடி விடுவேன்.

மத்தியானம் திரும்பின பிறகுதான் அந்தச் சிவப்பு மரத் தேவாலயத்துக்குப் போனோம். கற்கோயில் கட்டும்வரை தற்காலிகமாகக் கட்டியதாம், கற்கோயில் வரவேயில்லை, இது நூற்றாண்டுகளாக நிற்கிறது. "எங்களைப் போலத்தான், கொஞ்ச நாளைக்கெண்டு வந்து" என்றாள் வசந்தி. வாசலுக்கு வெளியே ஒரு பிச்சைக்காரக் கிழவன் நின்றான். மரத்தால் செய்தவன். ஆள் உயரம், தாடி, அகலத் தொப்பி, நீட்டிய கை. தொப்பியைத் தூக்கினால் தலையில் ஒரு துவாரம் இருக்கும், அதற்குள் காசு போட வேண்டும், அது ஏழைகளுக்குப் போய்ச் சேருமாம். பக்கத்தில் போனால் தார் மணத்தது, வெயிலில் பழைய மரவள்ளங்கள் மணக்குமே, அந்த மணம்.

வசந்தி கைப்பையைத் துழாவினாள். அந்த நாட்டில் யாரும் காசு வைத்திருப்பதில்லை, ஒரு கோப்பிக்கும் வங்கி அட்டையைத்தான் நீட்டவேண்டும், எங்களிடமும் அட்டைதான். அவளுடைய கையில் வந்தது மஞ்சள் முடிச்சு.

"அதைத் தொடாதேயும்! நேர்த்திக் காசு" என்றேன்.

"வெறுங்கையோட எப்பிடிப் போறது? கையை நீட்டிக்கொண்டு நிக்கிறார்."

அழப்போகிறாள் என்று தெரிந்தது, கிழவனுக்காக அல்ல என்பதும் தெரிந்தது. உடனே நான் கையைக் கூப்பிக்கொண்டு மரக்கிழவனுக்கு முன்னால் குனிந்து, "இப்ப கையில காசில்லை ஐயா, பேந்து வாங்கோ" என்றேன். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்த பிச்சைக்காரருக்கு இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றால் வீட்டிலும் இல்லாமல் போய்விடுமாம். பேந்து வாங்கோ, பிறகு வாங்கோ என்றுதான் சொல்வார்கள்.

"மரத்தோடயும் உங்கட பகிடி" என்று என் தோளில் ஒரு அடி போட்டாள். அழுகை போய்விட்டது. எனக்கு அது போதும்.

இரவுச் சாப்பாட்டின்போது கௌரி அக்காவுக்கு இதைச் சொன்னேன், சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கிழவனுக்கு ஒரு கதை இருக்குத் தம்பி" என்றார். "கப்பல் தளத்தில வேலை செய்த மனுசனாம். நோய் வருத்தம் வந்து, வேலை போய், பிச்சை எடுத்தவராம். ஒரு வருசப்பிறப்புக் குளிருக்க வீடு வீடாப் போய்க் கேட்டிருக்கிறார். விடியப் பாக்க, அந்தத் தேவாலய வாசலில நீட்டின கையோட விறைச்சுப்போய் நிண்டாராம்."

புட்டைப் பிசைந்துகொண்டிருந்த வசந்தி கையை நிறுத்தினாள். "அவருக்கு எல்லாரும் பேந்து வாங்கோ எண்டுதான் சொல்லியிருப்பினம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. ஊர்க்கதை, எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும் என்று நான் சமாளித்தேன். ஆனாலும் படுக்கப் போகும்போது என் சட்டையில் அந்தத் தார் மணம் இருந்தது, துறைமுகத்தில் சுற்றினால் மணக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மொன்றியலுக்குத் திரும்பி வந்தோம். முடிவு வரவில்லை. இலைகள் சிவந்து கொட்டத் தொடங்கின. வசந்தி முடிச்சைச் சாமித்தட்டில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். டொலார்ட் புறநகரில் எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும், எல்லோரும் காரில் போய்க் காரில் வருகிறவர்கள், நடந்து வருகிற ஆளைக் காண்பதே அபூர்வம்.

ஒரு காலை, பத்துப் பதினொரு மணி இருக்கும், பளிச்சென்ற வெயில், யாரோ கதவைத் தட்டினார்கள். மணியை அடிக்கவில்லை, தட்டினார்கள். இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் வாசற்கதவு இரும்புத் தகடு. ஆனால் எனக்குக் கேட்டது மரத்தில் மரம் தட்டுகிற சத்தம்.

திறந்தேன். ஒரு கிழவர். நீண்ட கறுத்தக் கோட்டு, தாடி, அகலத் தொப்பி. கையை நீட்டியபடி நின்றார். ஏதோ தர்ம நிதிக்குச் சேர்க்கிறவர் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக வேறொன்றும் தோன்றவில்லை. பிரெஞ்சில் "மன்னிக்கவும் ஐயா, கையில் சில்லறை இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த மணம் வந்தது. தார். சுற்றிவரப் புதிதாகத் தார் போட்ட ஒரு தெருவும் இல்லை, ஒரு வள்ளமும் இல்லை.

"ஆரப்பா அது?" என்று வசந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை, பயப்படவும் இல்லை. நேரே சாமித்தட்டுக்குப் போய் மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வசந்தி, அது நேர்த்திக் காசு. முடிவு இன்னும் வரேல்லை" என்றேன்.

"முருகன் கோவிக்க மாட்டார். இவரை வரச் சொன்னது நீங்கள்தானே" என்றாள்.

அவள் எனக்கு முன்னால் போய் நின்றாள். கிழவர் ஒரு கையால் தொப்பியைத் தூக்கித் தலை குனிந்தார். அவள் நடுவில் நின்றதால் எனக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது. கை மேலே போவதைக் கண்டேன். பிறகு சத்தம் கேட்டது. துணியில் முடிந்த காசு விழுந்தால் என்ன சத்தம் வரும், சொல்லுங்கள்? எனக்குக் கேட்டது வெறும் மரப்பெட்டிக்குள் குற்றி விழுந்த சத்தம்.

தொப்பிக்குக் கீழே என்ன இருந்தது என்று அவளிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "காசு போட்டன்" என்று மட்டும் சொல்வாள்.

கதவைச் சாத்தினேன். அவள் கதவுக்கு உள்ளே மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தொலைபேசி அடித்தது. வைத்தியசாலை. நான் ஒலிபெருக்கியில் போட்டேன். கெட்ட கட்டி இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றாள் அங்கேயிருந்து பேசின பிள்ளை. வசந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள், நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். அழுது முடித்துவிட்டு வெளியே ஓடிப் பார்த்தேன். நேரான தெரு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தெரியும். ஒருவரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் காலையிலிருந்தே முற்றத்தில் இலை வாரிக்கொண்டு நின்றவர், அவரிடம் கேட்டேன். ஒருவரும் வரவில்லையே என்றார்.

இதற்கெல்லாம் விளக்கம் சொல்லலாம். முதியோர் இல்லத்திலிருந்து வழிதவறி வந்த யாரோ என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் குனிந்து நின்ற நேரமாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும், எனக்கு அதில் பிரச்சினை இல்லை.

என்னை உறுத்துவது வேறு. கதவைச் சாத்தும்போது, வந்தவரை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பக்கூடாது என்று பழகின நாக்கு பாருங்கள், "சரி ஐயா, பேந்து வாங்கோ" என்று சொல்லிவிட்டது. நான் சொன்னது எனக்கே தெரியாது. இரண்டு நாள் கழித்து வசந்திதான் சொன்னாள்.

"அவர் ஓமெண்டு தலையாட்டினவர்" என்றாள்.

அந்தத் தொலைபேசிப் பிள்ளையும் கடைசியில் ஒன்று சொன்னது. இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஒரு வருடம் கழித்து இன்னொருமுறை வந்து காட்ட வேண்டும் என்று. அந்த வருடம் வருகிற மாதத்தோடு முடிகிறது. வாசலில் திறப்பு, அதுதான் சாவி, மாட்டுகிற கொளுவியில் வசந்தி ஒரு புது மஞ்சள் முடிச்சைத் தொங்கவிட்டிருக்கிறாள். எதையும் நம்பாத நான், வேலைக்குப் போக முன்னம் ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டு, உள்ளே காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.