ஃபொறின் ஆக்கள் வரும்வரை

பத்தாம் தரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒரு சொல்லைக் கொடுத்து வசனம் எழுதச் சொன்னால் பிள்ளைகளின் வீட்டுக் கதை முழுவதும் கொப்பியில் வந்துவிடும். போன தவணை ‘ஃபொறின்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் தங்கள் மாமாவோ சித்தப்பாவோ ‘ஃபொறினில் இருக்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள். அது ஒரு ஊரின் பெயரல்ல, அதற்குப் பின்னால் நாடு, மொழி என்று இன்னொரு சொல் வரவேண்டும் என்று சிவப்புப் பேனையால் திருத்தினேன். திருத்தும்போதே எரிச்சலாக இருந்தது. பிள்ளைகள் எழுதியதில் என்ன பிழை? திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு நாடு இருக்கிறது என்பார்கள். எங்கள் வீட்டை இத்தனை வருடமாக ஆண்டது அந்த நாடுதான்.

அந்தச் சொல் எங்கள் வாயில் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். ஃபொறின் சவர்க்காரம், ஃபொறின் சொக்லேட், ஃபொறின் மாப்பிள்ளை. உட்துறைமுகப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் மாபிள் பதித்து, கேற் போட்டு, வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஃபொறின் வீடு என்று பெயர். ஆனால் எல்லா வெளிநாடும் ஃபொறின் ஆகிவிடாது. மூதூரிலிருந்து வந்து படிக்கிற பிள்ளை ஒருத்தியின் தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். அந்தப் பிள்ளை “உம்மா குவைத்தில” என்றுதான் சொல்வாள். கனடா ஃபொறின், லண்டன் ஃபொறின், குவைத் வெறும் குவைத். பாத்திரம் கழுவப் போகிற இடத்துக்கு அந்த மரியாதை கிடையாது. கனடாவில் போய்ப் பாத்திரம் கழுவினால் கிடைக்கும்.

வகுப்புக்காக அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் கதவைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது அது. கதவுக்கு வெளியே என்பதுதான் பழைய பொருள். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய், அங்கே வெளியூர், வெளிநாடு, பழக்கமில்லாதது என்று விரிந்திருக்கிறது. தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைக்கூட டொக்டர்மார் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் எழுதுவார்கள். வீட்டுக்கு வெளியே கட்டிய கக்கூசுக்கும் ஒருகாலத்தில் ஆங்கிலத்தில் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டேன். இன்னொன்றும் கண்டேன். அந்தச் சொல்லின் நடுவே உச்சரிப்பில் வராத ‘ஜி’ என்ற ஓர் எழுத்து இருக்கிறது. பிற்காலத்தில் யாரோ தேவையில்லாமல் நுழைத்தது. எங்கள் வீட்டில் அண்ணன் அந்த எழுத்து மாதிரி. வாசித்தால் இல்லை, விட்டுவிட்டு எழுதினால் பிழை.

அண்ணன் கனடாவுக்குப் போன பிறகு இரண்டு தரம்தான் வந்தார். ஆனால் கூரைக்கு ஓடா அஸ்பெஸ்டஸ் சீற்றா, அம்மாவின் கண்ணுக்கு இங்கே ஒப்பரேசனா கொழும்பிலா, முன்சுவருக்கு என்ன நிறம், எல்லாம் அவரைக் கேட்டுத்தான். கடைசிக் காலத்தில் அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டியது நான். கிளினிக்குக்கு ஓட்டோவில் ஏற்றி இறக்கியது நான். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, “மகன் நல்லாப் பாக்கிறார் என்ன” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். தேத்தண்ணி போட்டதும் நான்தான்.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு மனுசி செத்துப்போய், பிள்ளைகள் ஃபொறினிலிருந்து வரும்வரை ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்தார்கள். உடம்பு பழுதாகாமல் மருந்து ஏற்றி, பெட்டிக்குள் கிடத்தி, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அந்தச் செத்தவீட்டுக்குப் போய் வந்த அம்மா, சீலையும் மாற்றாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

“பிள்ளை, நான் செத்தா என்னை இப்பிடி வச்சுக் காட்டாதை. முகமெல்லாம் கறுத்து, ஆரோ மாதிரிக் கிடக்கிறா. அடுத்த நாளே கொண்டுபோய் அப்பாவுக்குப் பக்கத்தில வை.”

“அண்ணா வரவேண்டாமோ அம்மா?”

“வாறதெண்டா உயிரோட இருக்கேக்க வரட்டும்.”

ஓம் என்று தலையாட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து இன்னொரு தரம் ஓம் சொல்ல வைத்தார்.

அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனார். நான் பாடசாலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். கோப்பையில் கஞ்சி அப்படியே இருந்தது. எங்கள் ஆக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் உயிர் போனால் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்கும் முன், மாதா கோயில் மணி அடிக்கச் சொல்லும் முன், ஃபொறினுக்குப் போன் போடுவோம். கை தானாகவே அதற்குத்தான் போகும். என் கையும் போனது.

அண்ணன் அழுதார். பிறகு, “ஒண்டும் செய்யாதை. நான் வாறன். ஞாயிற்றுக்கிழமை எடுப்பம்” என்றார்.

“அம்மா நாளைக்கே அடக்கம் செய்யச் சொன்னவ அண்ணா.”

“அவ அப்பிடித்தான் சொல்லுவா. ஒரே மகன் நான் இல்லாமல் எடுத்தா சனம் என்ன கதைக்கும்?”

நான் ஃபாதரைக் காணக் கோயிலுக்கு நடந்துபோவதற்குள் ஃபேஸ்புக்கில் மரண அறிவித்தல் வந்துவிட்டது. பூமாலைக்குள் அம்மாவின் படம், கீழே ஞாயிறு பிற்பகல் அடக்கம், தொடர்புக்கு அண்ணனின் கனடா நம்பர். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் நாட்டைப் போடுவது வழக்கம். அண்ணனுக்குக் கனடா, எனக்கு இலங்கை என்று போட்டிருந்தது. செத்த இடத்தில், செத்தவீட்டுக்காரியாக நிற்கிற எனக்கும் ஒரு நாட்டைப் போட்டுத்தான் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது.

ஃபாதர் நல்ல மனுசன். அம்மா கேட்டதைச் சொன்னேன். அவர் தன் போனில் அந்த அறிவித்தலைக் காட்டினார்.

“அறிவிச்சாச்சே மகள். எல்லாருக்கும் ஞாயிறு எண்டு போட்டுது. ஃபொறின் ஆக்கள் வரும்வரைக்கும் பொறுக்கிறதுதானே இஞ்ச வழமை.”

சாதி சனத்தில் ஒருவரைக்கூட என் பக்கம் திருப்ப முடியவில்லை. “பாவம், அவன் ஒரே மகன்” என்றார்கள். மகள் ஒருத்தி இருப்பது அவர்களுக்கு நினைவில் இல்லை. மலர்ச்சாலைக்காரர் வந்து அம்மாவைக் கொண்டுபோய், மருந்து ஏற்றி, வெள்ளைப் பட்டு உடுத்திக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் கேட்டதில்லை என்பது வேறு விசயம்.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியது அயல்தான். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து முன்வீட்டில் இருக்கும் முஸ்லிம் குடும்பம் காலையில் பிளேன் ரீயும் பாணும் பருப்பும் அனுப்பியது. பின்வீட்டு மனுசி பந்தல் கட்டும்வரை நின்று, பிறகு என் தலையை இழுத்துவைத்துப் பின்னிவிட்டார். நாம் ஃபொறினை அயல்நாடு என்றும் எழுதுகிறோம், அடுத்த வீட்டையும் அயல் என்கிறோம். எந்தப் புண்ணியவான் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினானோ தெரியாது. அந்தக் கிழமை எனக்கு அது பொறுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் போன் எடுத்தார்.

“பாஸ்போட் போன மாசமே முடிஞ்சிருக்கு. நான் கவனிக்கேல்ல. அவசரமா எடுக்கலாமாம். செவ்வாய்க்கிழமைக்கு மாத்துங்கோ.”

“அண்ணா, அம்மான்ர முகம் மாறத் தொடங்கிட்டுது.”

“மலர்ச்சாலைக்காரரிட்ட சொல்லு, இன்னொருக்கா மருந்து போடுவினம்.”

திருத்திய அறிவித்தல் வந்தது. ஃபாதர் பூசையை மாற்றினார். ஞாயிறு வந்த சனம் பெட்டியைப் பார்த்துவிட்டு, சீலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி திரும்பிப் போனது. அம்மா பயந்தது அப்படியே என் கண்முன்னால் நடந்தது. உதடு ஊதா நிறமாகி, கன்னம் ஒடுங்கி, நெற்றியில் யாரோ பூசிய பவுடர் திட்டுத் திட்டாய் நின்றது. நான் பக்கத்தில் இருந்து ஈ விரட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, நெஞ்சு எரிகிற கோபம்.

திங்கள் பின்னேரம் மறுபடி போன் வந்தது. “எனக்கு வர ஏலாமல் கிடக்கு. நீங்கள் செய்யுங்கோ. வீடியோவில வடிவாக் காட்டுங்கோ.”

செவ்வாய் பூசை முடிந்து சேமக்காலைக்குப் போனோம். அண்ணன் ஏற்பாடு செய்த வீடியோக்காரர் குழியின் தலைமாட்டில் நின்றார். இன்னொருவர் கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார், அதற்குள் அண்ணன். “அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, மறைக்குது” என்றார் வீடியோக்காரர். என் தாயின் முகத்தை நான் யாருக்கோ மறைத்துக்கொண்டு நின்றேனாம். தள்ளி நின்றேன். பெட்டியை மூடும் முன் முகத்தில் துணி போடுவது பிள்ளைகளின் கடமை. நான் குனிந்து முத்தமிட்டுத் துணியைப் போட்டேன்.

“துணியை எடுக்கச் சொல்லுங்கோ. நான் இன்னும் பாக்கேல்ல. கிட்டக் கொண்டுபோங்கோ” என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

சனம் என்னைப் பார்த்தது. ஃபாதரும் பார்த்தார். போன் பிடித்திருந்தவர் துணியை எடுக்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

“மூடுங்கோ” என்றேன். “அம்மாவை இனி ஒருத்தருக்கும் காட்ட ஏலாது.”

மூடினார்கள். அவ்வளவு நாளில் என் சொல் எடுபட்டது அந்த ஒரு தரம்தான்.

பின்னேரம் வீட்டில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அண்ணன் அழைத்தார்.

“பெத்த தாயின்ர முகத்தைக் கடைசியாப் பாக்க விடேல்ல நீ. என்னை வெளி ஆள் மாதிரி நடத்திப்போட்டாய்.”

“அண்ணா, அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பூசையால வந்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, போனுக்கு முன்னால இருந்தவ. கார் ஓடுறன், பிறகு எடுக்கிறன் எண்டு வச்சிட்டுப் போவீங்கள். அவ பவுடரைத் துடைக்காமல் பின்னேரம் வரைக்கும் இருப்பா. முகத்தை அப்ப பாத்திருக்கலாம்.”

அவர் போனை வைத்துவிட்டார். பிறகு இன்றுவரை கதைக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சொந்தத்தில் பாதிப் பேர் என்னை ஈவிரக்கமில்லாதவள் என்கிறார்கள். சொல்லட்டும். அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டது அடுத்த நாளே ஓர் அடக்கம், அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருந்தும் அதை என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.