சிவப்பியின் பிளந்த குளம்பு

பேய், பிசாசு என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் போகலாம், ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனத்தில் எங்களுக்கு நிலம். அறுவடை முடிந்த கையோடு நானும் என் மனைவி செல்வியும் அந்தமான் போனோம். எங்கள் பசு சிவப்பியையும் அதன் கன்றையும் செல்வியின் தம்பி குமாரிடம் விட்டிருந்தோம். சிவப்பிக்கு முன்னங்கால் குளம்பு ஒன்று குறுக்கே வெடித்துப் பிளந்திருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து மாதக்கணக்கில் கட்டியவன் நான். அது மண்ணில் எப்படிப் பதியும் என்று எனக்கு அத்துப்படி.

நாங்கள் போனது மனிதக் குடியில்லாத ஒரு தீவு, முழுக்கக் காப்புக்காடு. வெள்ளை மணல், கண் கூசும் நீலக்கடல், மரத்துக்கு மரம் பறவைகளின் வாய்ச்சண்டை. கடைசிப் படகு கிளம்பும் வேளை, செல்வியைக் காணோம். உடும்பைப் படமெடுக்கிறேன் என்று போனவள். உள்ளே ஓடை, ஓடையில் முதலை என்று இறங்கும்போதே எச்சரித்திருந்தார்கள். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது.

அப்போதுதான் மணலைப் பார்த்தேன். அலையிலிருந்து ஏறி, காட்டை நோக்கிப் போகும் குளம்படிகள். அதில் முன்னங்கால் குளம்பு ஒன்று அதே மாதிரி வெடித்துப் பிளந்தது.

"மானா இருக்கும் சார், இங்க ஏது மாடு?" என்றார் கூட வந்த தமிழ் வனக்காவலர்.

"இது என் மாடு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே சிலிர்த்தது.

நம்பினால் நம்புங்கள், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனோம், வேரும் புதரும் சேறும் தாண்டி, ஓடைக்கரைப் பாறையில் கணுக்கால் வீங்கிச் செல்வி உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும். பாறையைச் சுற்றிக் கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது. தடம் அங்கேயே முடிந்தது.

"இன்னாய்யா இவ்ளோ நேரம்? என்னை முதலைக்குப் போட்டுட்டு ஒண்டியா ஊரு போலாம்னு பாத்தியா?" அழுதுகொண்டே திட்டினாள். மாடு வந்ததா என்று கேட்டேன். "மாடா? வெயில்ல உனக்கு மண்டை காஞ்சிபூட்ச்சு."

ஊர் திரும்பியதும் குமார் தலையைச் சொறிந்தான். "மாமா, திட்டாதீங்க. நீங்க தீவுக்குப் போன அன்னிக்கு சிவப்பி கயித்த அறுத்துக்கினு பூட்ச்சு. ஏரிக்கரை பூரா தேடிட்டேன். பொழுது சாஞ்சு பாத்தா, தானா வந்து நின்னுகினு கீது. ஒடம்பெல்லாம் ஈரம்."

"ஏரியில எறங்கியிருக்கும்டா" என்றாள் செல்வி.

ஏரியாகவே இருக்கட்டும். ஆனால் அன்று முதல் கன்று தாயின் முதுகை நக்குவதை நிறுத்தவில்லை. நான் விரலால் தடவி நாக்கில் வைத்தேன். உப்பு. அதற்குப் பிறகு எத்தனை மழை, எத்தனை முறை தேய்த்துக் குளிப்பாட்டினேன்.

இன்று காலையும் கன்று நக்கிக்கொண்டுதான் இருந்தது.